பன்னிரண்டாம் வகுப்பு ஓவியத் தேர்வு: படத்தைப் பார்க்காமல் படிப்பதால் வரும் தவறுகள்

"படந்தானே வரையப் போற, அதுக்கு என்னலே தனியா படிப்பு?"

ஓவியத்தை விருப்பப் பாடமாக எடுத்த பிள்ளை இருக்கும் வீடுகளில், பாளையங்கோட்டை முதல் வள்ளியூர் வரை, பொங்கல் முடிந்ததும் இந்தக் கேள்வி எழும். பிள்ளைகளும் இதைப் பாதி நம்பிவிடுகிறார்கள். சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் எழுத்துத் தேர்வுக்கு 30 மதிப்பெண்தான், செய்முறைக்கு 70. "எழுபது நம்ம கையில இருக்கு, முப்பதைக் கடைசி வாரத்தில் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட இந்தக் கணக்கே போதும். அந்தக் கடைசி வாரத்தில் கைடை எடுத்து ஓவியர் பெயர், காலம், ஊடகம், இருக்கும் அருங்காட்சியகம் என்று வாய்ப்பாடு மாதிரி உருப்போடுவார்கள். படத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் ஒரு சின்ன விஷயம். அண்ணனோ அக்காவோ பயன்படுத்திய பழைய கைடை நம்பாதீர்கள். எந்தெந்தப் படங்கள் பாடத்தில் உண்டு என்ற பட்டியல் இடையிடையே மாறியிருக்கிறது. இந்த ஆண்டுக்கான பட்டியலை சிபிஎஸ்இ இணையதளத்திலிருந்து இறக்கி, என்சிஇஆர்டி புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சரி, படத்துக்கு வருவோம். பார்க்காமல் படிப்பவர்கள் பெயரை வைத்து ஊகிப்பார்கள். படத்தில் கிருஷ்ணன் இருந்தால் ராஜஸ்தானி அல்லது பஹாரி (இமயமலை அடிவாரப் பகுதியின் பாணி), தாடி வைத்த பாதுஷா இருந்தால் முகலாயம் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் கோவர்த்தன மலையைக் கிருஷ்ணன் தூக்கி நிற்கும் புகழ்பெற்ற படத்தை வரைந்த மிஸ்கின், அக்பர் அரசவை ஓவியர். பாபர் சோன் நதியைக் கடக்கும் படத்தை வரைந்தவர் முகலாய ஓவியர் ஜகந்நாத். மறுபக்கம், 1628-ல் ராஜஸ்தானின் மேவாரில் ராகமாலைப் படங்களை (ராகங்களை உருவங்களாகக் காட்டும் படங்கள்) வரைந்தவர் சாஹிப்தீன். ஊஞ்சலில் கிருஷ்ணன் படம் அதே ராஜஸ்தானின் பிகானேர் ஓவியர் நூருத்தீனுடையது. ஓவியரின் மதமோ படத்தின் கதையோ பாணியைக் காட்டிக்கொடுக்காது. கோடு, வண்ணம், முகம், பின்னணி, உடல்களுக்குக் கொடுத்திருக்கும் கனம் ஆகியவைதான் காட்டிக்கொடுக்கும்.

இதே குழப்பம் வங்காளப் பாணியிலும் உண்டு. வங்காளத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் வங்காளப் பாணி ஓவியர்கள் இல்லை. ஜாமினி ராய், அந்தப் பாணியைத் தொடங்கிய அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர்தான். ஆனால் அந்தப் பாணியை விட்டு விலகி, கல்கத்தா காளி கோயிலருகே விற்ற காளிகாட் படங்களிலும் கிராமத்துப் பட ஓவியங்களிலும் தன் தடித்த கோட்டைக் கண்டெடுத்தார். அவரை நவீன ஓவியர்களோடு வைக்க வேண்டும். லாகூர்க்காரரான ஓவியர் சுக்தாயோ வங்காளப் பாணியில் இடம்பெறுகிறார். ரவிவர்மாவை வங்காளப் பாணியில் சேர்த்து எழுதும் விடைத்தாள்களும் உண்டு. கிளிமானூர்க்காரரான அவர் ஐரோப்பிய முறையில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அந்த முறை வேண்டாம் என்று சொல்லித்தான் வங்காளப் பாணியே கிளம்பியது. இந்த ஒரு முரண் புரிந்தால் அந்த அலகில் பாதி மனதில் நின்றுவிடும்.

ஆண்டுகள் மறந்துபோகிறது என்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே ஒரு கொக்கி இருக்கிறது. அவனீந்திரநாத் 'பாரத மாதா'வை வரைந்தது 1905, வங்கப் பிரிவினை நடந்த ஆண்டு. அதே சுதேசி அலையில் வ.உ.சி. தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி தொடங்கியது 1906. அவர் கைதானதும் திருநெல்வேலி கொந்தளித்தது 1908. கப்பல் கதை தெரியாத பிள்ளை இங்கே கிடையாது. அதன் பக்கத்தில் அந்தப் படத்தை வைத்துவிட்டால், காவி உடுத்திய அந்தப் பெண்ணின் நான்கு கைகளிலும் புத்தகம், நெற்கதிர், வெள்ளைத் துணி, ஜபமாலை ஏன் இருக்கின்றன என்பதை உருப்போட வேண்டியதே இல்லை.

நீண்ட விடையில் பெரும்பாலோர் மதிப்பெண் இழப்பது, படத்துக்குப் பதிலாகக் கதையை எழுதுவதால். கோவர்த்தனப் படத்தைக் கேட்டால் இந்திரன் கோபித்தது, மழை பெய்தது, ஆயர்கள் அலறியது என்று ஒரு பக்கம் போகும். திருத்துபவருக்குக் கதை தெரியும். மலையைக் குடை போலப் பிடித்தவனை ஓவியர் படத்தில் எங்கே நிறுத்தியிருக்கிறார், அடியில் மனிதர்களையும் மாடுகளையும் எப்படித் திரட்டியிருக்கிறார், பாறைக்கு எப்படிக் கனம் கொடுத்திருக்கிறார் என்பதையே திருத்துபவர் தேடுகிறார். 'பணி தணி' படத்துக்கு "மிக அழகான பெண், இந்தியாவின் மோனாலிசா" என்று எழுதி நிறுத்துவதும் இதே ரகம்தான். பக்கவாட்டு முகம், காதை நோக்கி நீளும் கண், வில்லாக வளைந்த புருவம், கூரான மூக்கும் மோவாயும் எல்லாம் ராஜஸ்தானின் கிஷன்கர் பாணியின் அடையாளங்கள். அதை வரைந்த நிஹால் சந்த் என்ற பெயருக்குக் கீழே இவற்றை எழுதுங்கள்.

இப்படிப் பார்க்க எங்கே பழகுவது? இந்தத் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்துகொண்டு அதைக் கேட்கக் கூடாது. திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் கோயில் இருக்கிறது. குறவன் இளவரசியைத் தூக்கிச் செல்லும் சிற்பத்தின் முன் நின்று, கதையைத் தொடாமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பத்து வரி எழுதிப் பாருங்கள். மூன்றாவது வரியிலேயே திணறும். அப்புறம் உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, எடை எந்தக் காலில் இறங்குகிறது, விலா எலும்பைச் சிற்பி எப்படிக் காட்டியிருக்கிறான் என்று ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். திருப்புடைமருதூர் கோபுரத்தின் உள்ளே தளம் தளமாக இருக்கும் சுவரோவியங்களைப் பார்க்க வாய்த்தால் விடாதீர்கள். சுவர் முழுக்க நிரப்பும் ஓவியத்துக்கும் கையில் பிடித்துப் பார்க்கும் சிற்றோவியத்துக்கும் உள்ள வித்தியாசம் புத்தகத்தில் புரியாது. அங்கே எல்லாப் படமும் ஒரே அளவில்தானே அச்சாகியிருக்கிறது. ஆனால் இவை கண்ணுக்குப் பயிற்சி மட்டுமே. முகலாய ஓவியம் பற்றிய கேள்விக்குக் கிருஷ்ணாபுரத்தை உதாரணம் காட்டி ஊர்ப்பற்றை நிரூபிக்க வேண்டாம்.

செய்முறைக்கு வந்தால், பொருள் வரைதலுக்கு 25, காம்போசிஷனுக்கு (கொடுத்த தலைப்பில் வரையும் படம்) 25, போர்ட்ஃபோலியோவுக்கு (ஆண்டு முழுக்க வரைந்தவற்றின் தொகுப்பு) 20.

பொருள் வரைதலில் நிரந்தரமான தவறு ஒன்று உண்டு. பானையின் வாயை அழகான நீள்வட்டமாகப் போட்டுவிட்டு, அடியை ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோட்டில் முடிப்பது. வாய் நமக்கு நீள்வட்டமாகத் தெரிகிறது என்றால் அடியும் வளைந்துதான் தெரியும், அதுவும் வாயைவிடக் கொஞ்சம் கூடுதலாக. காரணம், அடி நம் கண்மட்டத்துக்கு இன்னும் கீழே இருக்கிறது. காருக்குறிச்சி மண்பானை ஒன்று, ஒரு பித்தளைச் செம்பு, பின்னால் மடிப்போடு தொங்கும் வேட்டி. இவற்றை ஜன்னலோரம் வைத்து வாரம் ஒரு முறை வரைந்தால் போதும். செம்பில் பளபளப்பைக் காட்ட வெள்ளையை அள்ளிப் பூசாதீர்கள். நீர்வண்ணத்தில் வரைகிறீர்கள் என்றால் அந்த இடத்தில் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். நிழலுக்குக் கறுப்பைத் தடவுவதும் வேண்டாம், படம் அழுக்காகிவிடும்.

காம்போசிஷனுக்கு ஒரே ஒரு படத்தை நெட்டுருப் போட்டு, எந்தத் தலைப்பு வந்தாலும் அதையே வளைக்கப் பார்க்கிறார்கள். தேர்வாளருக்கு இது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். இன்னொன்று, எல்லாவற்றையும் வரைவது. 'திருவிழா' என்றால் நெல்லையப்பர் கோபுரம், ஆனித்தேர், ரத வீதிக் கூட்டம், பலூன்காரர், ராட்டினம் என்று எல்லாம் வந்துவிடும். ஒருவர்கூட எறும்பைவிடப் பெரிதாக இருக்க மாட்டார். தேரையே முழுதாகக் காட்ட வேண்டியதில்லை. வடம் பிடித்துச் சாய்ந்து இழுக்கும் நாலைந்து பேர், மேல் மூலையில் சக்கரத்தின் ஒரு பகுதி, அவ்வளவு போதும். உடல்களை எப்படிச் சாய்ப்பது என்று தெரிய வேண்டுமா? சென்னை மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். பாறையைப் பெயர்க்கும் நால்வரின் முதுகும் காலும் ஒரே திசையில் அழுத்துகின்றன. எழுத்துத் தேர்வுக்குப் படித்த சிலை செய்முறைத் தேர்வில் கைகொடுப்பது இப்படித்தான்.

போர்ட்ஃபோலியோவைக் கடைசி நாலு ராத்திரியில் உருவாக்குவது பலருக்கும் வழக்கம். எல்லாப் படமும் பளிச்சென்று ஒரே கை, ஒரே மனநிலையில் இருக்கும். அதிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த 20-ல் பாதி, முதல் கிறுக்கலிலிருந்து முடிந்த படம் வரை ஆண்டு முழுக்க நீங்கள் செய்ததன் பதிவுக்கு. ஆகவே ஜூன் மாதத்துக் கோணல் ஸ்கெட்ச்சைக் கிழித்துப்போடாதீர்கள். தேதி எழுதி உள்ளே வையுங்கள்.

எழுத்துத் தேர்வு இரண்டு மணி நேரம், அதற்கு முன்னால் கேள்வித்தாளை வாசிக்க 15 நிமிடம் தருவார்கள். விருப்பத் தேர்வு உள்ள கேள்விகளில், எந்தப் படம் கண்ணை மூடினால் தெரிகிறதோ அதை அந்த நேரத்திலேயே முடிவுசெய்துவிடுங்கள். பெயரும் ஆண்டும் நன்றாக நினைவிருந்து படம் மங்கலாகத் தெரிந்தால், அந்தக் கேள்வியைத் தொட வேண்டாம்.