டூர் எடுக்காமல் டைகோகு கார் கூட்டத்துக்குப் போவது எப்படி?

ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில், வளையம் வளையமாகச் சுற்றி இறங்கும் மேம்பாலங்களுக்கு நடுவில் இருக்கிறது டைகோகு பார்க்கிங் ஏரியா. வெள்ளி, சனி இரவுகளிலும் ஞாயிறு காலையிலும் ஸ்கைலைன், சுப்ரா, சில்வியா என்று நாம் போஸ்டரிலும் வீடியோ கேமிலும் பார்த்து ஏங்கிய வண்டிகள் அங்கே வந்து நிற்கும். ஏழாம் மாதம் ஏழாம் தேதி, அதாவது ஜூலை 7 அன்று போனால் மாஸ்டாவின் ஆர்எக்ஸ்-7 கார்கள் வரிசை வரிசையாக இருக்கும். டிக்கெட் கிடையாது, நடத்துகிறவர் என்று யாரும் கிடையாது. ஆனாலும் அங்கே கூட்டிப்போக டூர்காரர்கள் பெரிய தொகை கேட்கிறார்கள். மூன்று பேர் சேர்ந்து போனால் அந்தப் பணம் தேவையே இல்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இது எக்ஸ்பிரஸ்வேயில் ஓட்டுநர்கள் இளைப்பாறும் இடம். வண்டியில்தான் உள்ளே போக முடியும், நடந்து நுழைவது சட்டப்படி தவறு. டாக்ஸியில் போய் இறங்கிவிடலாம், ஆனால் திரும்பி வர அங்கே வண்டி கிடைப்பது கஷ்டம், காத்திருக்கச் சொன்னால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். வெள்ளை நம்பர் பிளேட் வண்டியில் காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஜப்பானில் வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டிக்குப் பச்சை பிளேட் இருக்க வேண்டும். ஆகவே சிக்கனமான நேர்வழி, நாமே கார் வாடகைக்கு எடுத்து ஓட்டுவதுதான்.

அதற்கு ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கிவிடுங்கள். 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி கொடுக்கப்படும் பெர்மிட்டை ஜப்பான் ஏற்கிறது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நான்குமே அதில் இருப்பதால் நமக்குப் பிரச்சினை இல்லை. பாஸ்போர்ட்டும் ஊர் லைசென்ஸும் கையில் இருக்கட்டும்.

அப்புறம் கார். டோக்கியோவில் எடுக்காதீர்கள், ரயிலில் அரை மணி நேரத்தில் யோகோஹாமா வந்து ஸ்டேஷன் பக்கத்திலேயே எடுங்கள், டோலும் பெட்ரோலும் மிச்சம். கேய் என்று அங்கே சொல்லும் மஞ்சள் பிளேட் போட்ட சின்ன கார், ஆறு மணி நேர வாடகை, இது போதும். ஸ்போர்ட்ஸ் கார் எடுக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்ளும், ஆனால் நாம் போவது பார்க்கத்தானே. இரண்டு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒன்று முழு இன்சூரன்ஸ், இன்னொன்று இடிசி கார்டு. இடிசி என்பது நம் ஊர் ஃபாஸ்டாக் மாதிரி, டோல் கட்டுவதற்கு. இப்போது பல நுழைவாயில்களில் அது இல்லாமல் உள்ளேயே போக முடியாது.

ஓட்டுவது நமக்கு எளிது, அங்கேயும் இடது பக்கம்தான். நம் பழக்கம் மாட்டிவிடும் இடம் ஃப்ரீ லெஃப்ட். ஜப்பானில் அது கிடையாது, சிவப்பு என்றால் இடது பக்கம் திரும்புகிறவரும் நிற்க வேண்டும். ரயில்வே கிராஸிங்கில் கேட் திறந்திருந்தாலும் நின்றுதான் போக வேண்டும்.

வழி போடும்போது கவனம். மேப்பில் டைகோகு பார்க்கிங் ஏரியா என்றே போடுங்கள். வெறுமனே டைகோகு ஃபுதோ (அங்கே இருக்கும் கப்பல் துறையின் பெயர்) என்று போட்டதில் நான் எக்ஸ்பிரஸ்வேயை விட்டுக் கீழே இறங்கி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் அரை மணி நேரம் சுற்றி, மறுபடி டோல் கட்டி மேலே ஏறினேன். பாலத்தின் மேல் நிறுத்தி யோசிக்கவும் முடியாது.

மாலை ஆறரை, ஏழுக்குள் போய்ச் சேருங்கள். கூட்டமும் சத்தமும் அதிகமானால் போலீஸ் மைக்கில் அறிவித்து இடத்தை மூடிவிடும், ஒன்பது பத்து மணிக்கே முடிந்துபோகும் இரவுகள் உண்டு. அறிவிப்பு வந்ததும் மறுபேச்சில்லாமல் கிளம்புங்கள். லாரிகளுக்கான இடத்தில் காரை நிறுத்தவே கூடாது, அங்கே இரவெல்லாம் ஓட்டி வந்தவர்கள் தூங்குகிறார்கள். எஞ்சினை உறுமவிடச் சொல்லிக் கேட்காதீர்கள். சத்தம் கூடக் கூட இந்தக் கூட்டமே இல்லாமல் போய்விடும் என்ற கவலை எனக்கு நிஜமாகவே இருக்கிறது.

வண்டியைத் தொடாதீர்கள். படம் எடுக்கும் முன் "ஷாஷின், ஈ தெஸ் கா?" என்று கேளுங்கள், பெரும்பாலும் தலையசைப்பார்கள். நான் அப்படிக் கேட்டதும் ஆர்32 ஸ்கைலைன் வைத்திருந்த ஒரு பெரியவர் ஒன்றும் பேசாமல் பானெட்டைத் தூக்கிக் காட்டினார். அதன் ஆர்பி26 எஞ்சின் அப்போதுதான் ஆறத் தொடங்கி டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, அவர் சின்னத் துணியால் ஓரத்தில் இருந்த ஒரு துளி எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் எங்களைப் பார்க்கவிட்டார். படத்தை இணையத்தில் போடும்போது நம்பர் பிளேட்டை மறைத்துவிடுங்கள், அங்கே அதுதான் மரியாதை.

லைசென்ஸ் இல்லையா? சரி, ரயிலிலேயே போகிற இடங்களும் இருக்கின்றன. யோகோஹாமா ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் நிசான் கேலரி, கட்டணம் இல்லை. டோக்கியோவில் ஷினோனோமே ஸ்டேஷனில் இறங்கினால் ஏ பிட் ஆட்டோபேக்ஸ் என்ற கார் உதிரிபாகக் கடை. உள்ளே வீல், சீட், எக்ஸாஸ்ட் பார்க்கலாம், வெளியே நிறுத்தியிருக்கும் வண்டிகளையும் விட்டுவிடாதீர்கள். ஜனவரியில் போகிறவர்கள் கைஹின் மகுஹாரி ஸ்டேஷனில் இறங்கி டோக்கியோ ஆட்டோ சலோன் கார் கண்காட்சிக்குப் போகலாம், அதற்கு மட்டும் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.