மென்மையான போலீஸ் தொடர் எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள்

துப்பாக்கியும் துரத்தலும் குறைவு; ஸ்டேஷன் பாதி, வீடு பாதி. இப்படிப்பட்ட போலீஸ் தொடரை எழுதுவது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். கதை தொய்ந்தால் ஒரு சண்டைக் காட்சியை நுழைத்துச் சமாளிக்கும் வசதி இதில் கிடையாது என்பதுதான் சிக்கல்.

அதிகம் பார்க்கும் தவறு, குடும்பத்தை இடைவேளையாக வைப்பது. விசாரணை முடிந்து வீட்டுக்கு வருவார், பிள்ளையிடம் “சாப்பிட்டாயா?” என்று கேட்பார், உடனே போன் வரும், கிளம்பிவிடுவார். வெட்டி எறிந்தாலும் கதைக்கு எந்தச் சேதமும் இல்லாத காட்சி.

அமெரிக்கத் தொடரான ‘ப்ளூ பிளட்ஸ்’ (2010–2024) தன் ஞாயிற்றுக்கிழமை விருந்துக் காட்சியை எப்படிப் பயன்படுத்தியது என்று பாருங்கள். அப்பா ஃபிராங்க் நியூயார்க் போலீஸ் கமிஷனர், தாத்தா முன்னாள் கமிஷனர். மகன் டேனி துப்பறிவாளர், மகள் எரின் அரசு வழக்கறிஞர். அண்ணன் பிடித்து வந்த ஆளின் மீது வழக்குப் போட ஆதாரம் போதாது என்று தங்கை சொல்லிவிட முடியும். காலையில் அலுவலகத்தில் முறைத்துக்கொண்ட இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து உணவுத் தட்டை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்க வேண்டும். வழக்கு அங்கேயே குடும்பச் சண்டையாகிவிடுகிறது. யாரும் கத்தக்கூடத் தேவையில்லை.

பதற்றம் வேண்டுமே என்று வில்லனை விட்டுக் குடும்பத்தைக் கடத்துவது இன்னொரு தவறு. ஒருமுறை செய்தால் அதிர்ச்சி. மூன்றாவது முறை, “முதலில் ஒரு நல்ல பூட்டு வாங்குங்கப்பா” என்றுதான் தோன்றும்.

வீட்டில் விழும் சாவைக் கையாளுவதில்தான் எழுத்தாளரின் தரம் தெரியும். 1980-இல் வந்த பிரிட்டிஷ் தொடர் ‘தி ஜென்டில் டச்’சில் நாயகி மேகி ஃபோர்ப்ஸின் போலீஸ்காரக் கணவர் முதல் எபிசோடிலேயே கொல்லப்படுகிறார். பழிவாங்கும் கதைக்கு அதைவிட வசதியான தொடக்கம் கிடைக்காது. தொடரோ, பதின்வயது மகனைத் தனியாக வளர்த்துக்கொண்டே வேலையையும் பார்க்கும் ஒரு பெண்ணின் கதையாகப் போனது. மாறாக, ‘ப்ளூ பிளட்ஸ்’ சறுக்கியது இங்கேதான். ஏழு சீசன் கூடவே இருந்த டேனியின் மனைவி லிண்டா, எட்டாவது சீசன் தொடங்கும்போது ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துவிட்டதாக வசனத்திலேயே தெரியவருகிறது. ரசிகர்கள் கொதித்தார்கள். நியாயம்தான், அந்த வீட்டில் அவர்களும் ஏழு வருஷம் இருந்திருக்கிறார்களே!

மென்மை என்றால் உபதேசம் என்று நினைப்பவர்களும் உண்டு. 1955 முதல் 1976 வரை ஓடிய பிரிட்டிஷ் தொடர் ‘டிக்சன் ஆஃப் டாக் கிரீன்’இல் போலீஸ்காரர் டிக்சன் கேமராவைப் பார்த்து நேராகவே அறிவுரை சொல்வார். (ஒரு சினிமாவில் சுட்டுக் கொல்லப்பட்ட பாத்திரம் இது, டிவிக்காக உயிர்ப்பித்தார்கள்!) அன்றைக்கு அது எடுபட்டது. இன்றைக்குச் செய்தால் சேனலை மாற்றிவிடுவார்கள்.

அப்புறம், வயது. டிக்சனாக நடித்த ஜாக் வார்னருக்குத் தொடர் முடியும்போது 80 வயது! ஆனால் பல தொடர்களில் வழக்குகள் மட்டும் மாறும், பிள்ளைகள் எத்தனை சீசன் போனாலும் அதே வகுப்பில் இருப்பார்கள். அவர்களை வளர விடுங்கள். அப்பாவின் வேலை என்னவென்று புரியத் தொடங்கும் வயதில் பிள்ளை கேட்கும் கேள்விகளே அடுத்த சீசனுக்குப் பாதிக் கதையைக் கொடுத்துவிடும்.