கூண்டை விட்டு இறங்கப்போகிறீர்களா? முதலில் மவுத்கார்டைத் தூக்கிப் போடுங்கள்

போன வாரம் சேலம் கண்ணங்குறிச்சியில் எங்கள் ஜிம்முக்கு ஒரு தம்பி வந்தான். எம்எம்ஏவில் (குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை) இருந்து ஓய்வு என்று ஆறு மாதத்துக்கு முன்னால் ஊரெல்லாம் சொல்லி, கேக் வெட்டி, க்ளவுஸைக் கையில் பிடித்தபடி போட்டோவும் போட்டவன். கீழ் உதட்டில் மூன்று தையல். என்னடா இது என்று கேட்டால், "சனிக்கிழமை மட்டும் ஸ்பாரிங்ணா, டச் விட்டுப்போயிடக் கூடாதுன்னு" என்கிறான்.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, ஏனென்றால் நானும் இதே தப்பைச் செய்தவன்தான். சாம்பியன்ஷிப் அல்லாத சாதாரண ஃபைட் என்பது ஐந்து நிமிஷம் வீதம் மூன்று ரவுண்டு, அதிகபட்சம் பதினைந்து நிமிஷம். நம் பக்கத்துப் பையன்களுக்கு வருஷத்துக்கு இரண்டு ஃபைட் கிடைத்தாலே பெரிய விஷயம். ஸ்பாரிங் என்கிற பயிற்சிச் சண்டை அப்படியில்லை, வாரத்துக்கு இரண்டு நாள், வருஷம் பூராவும், ஃபைட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடக்கிறது. தலையில் வாங்கிய அடியில் பெரும்பங்கு எங்கே வாங்கியது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால் ஓய்வு பெறப்போகிறேன் என்று யார் வந்து கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: ஸ்பாரிங்கை நிறுத்துகிற நாள்தான் உங்கள் ஓய்வு நாள், மற்றதையெல்லாம் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அதை நிறுத்த ஒரு வழி இருக்கிறது, சின்ன வழிதான். பல்லைக் காக்க வாயில் கடித்துக்கொள்கிற மவுத்கார்டைப் பையில் இருந்து எடுத்துத் தூக்கிப் போட்டுவிடுங்கள். க்ளவுஸ் இருக்கட்டும், பேட் அடிக்க (கோச் கையில் பிடிக்கிற மெத்தையில் குத்திப் பழக) வேண்டும். ஷின்கார்டை ஜூனியர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஆனால் மவுத்கார்டு வீட்டில் இருக்கவே கூடாது. வெந்நீரில் போட்டுக் கடித்து, உங்கள் பல்லின் தடம் அப்படியே பதிந்திருக்கிற பொருள் அது, வேறு யாருக்கும் பொருந்தாது, உங்களுக்கும் இன்னொருவருடையது பொருந்தாது. அது இல்லாத ஆளுடன் ஒழுங்கான எந்தப் பார்ட்னரும் ஸ்பாரிங் போட மாட்டான். ஒரு பலவீனமான சாயங்காலத்தில் "வாங்கண்ணா, லைட்டா ரெண்டு ரவுண்டு" என்று ஒருவன் கூப்பிடும்போது மனவுறுதி எவ்வளவு தூரம் வரும் என்று சொல்ல முடியாது. மவுத்கார்டு இல்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

சரி, நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தோற்றால்தான் ஓய்வு, ஜெயித்தால் தொடரலாம் என்று நினைக்காதீர்கள். யுஎஃப்சி (உலகின் பெரிய எம்எம்ஏ அமைப்பு) சாம்பியனாக இருந்த கபீப் நூர்மகமதோவ் 2020 அக்டோபரில் அபுதாபியில் ஜஸ்டின் கேத்ஜியைப் பிடித்து ஜெயித்த கையோடு, 29 ஃபைட்டில் ஒன்றுகூடத் தோற்காமல், 32 வயதில் க்ளவுஸைக் கழற்றிக் கூண்டின் நடுவில் வைத்துவிட்டு இறங்கினார். அப்பா இறந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, அப்பா இல்லாமல் இனி சண்டை போட மாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். இன்னொரு முன்னாள் சாம்பியன் சக் லிடெல் கதை நேர்மாறானது. தொடர்ந்து மூன்று ஃபைட்டில் நாக்அவுட் ஆகி 2010 கடைசியில் ஓய்வை அறிவித்தார். அதோடு விட்டிருக்கலாம். எட்டு வருஷம் கழித்து, 48 வயதில் டிட்டோ ஆர்ட்டிஸுடன் மறுபடி ஏறினார். முன்னால் இரண்டு தடவை அவர் அடித்துச் சாய்த்த ஆள்தான் ஆர்ட்டிஸ், இந்தத் தடவை முதல் ரவுண்டிலேயே லிடெல் கீழே விழுந்தார். அந்த வீடியோவை என்னால் இன்றைக்கும் முழுசாகப் பார்க்க முடியவில்லை.

நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது ஏற்காடு மலைப்பாதையில். கேம்ப் சமயத்தில், அதாவது ஃபைட்டுக்கு முந்தைய தீவிரப் பயிற்சி வாரங்களில், அடிவாரத்தில் இருந்து விடியற்காலையில் ஓடுவேன், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே. மொத்தம் இருபது வளைவு, பலகையில் எண் போட்டிருக்கும். அன்றைக்கு நான் பதினொன்று என்று சொல்லிக்கொண்டே திரும்புகிறேன், எதிரே பலகையில் 14 என்று இருக்கிறது. நடுவில் மூன்று வளைவு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மூச்சு நன்றாகத்தான் இருந்தது, கால் நன்றாகத்தான் இருந்தது. முந்தைய புதன்கிழமை ஸ்பாரிங்கில் காதுக்கு மேலே ஒரு கிக் வாங்கி, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லி எழுந்து மிச்ச ரவுண்டையும் முடித்திருந்தேன். அந்தப் பலகைக்குப் பக்கத்துக் கட்டைச்சுவரில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்கு அது வேறு மாதிரி வரலாம். முன்பு சாதாரணமாக வாங்கிய குத்துக்கு இப்போது கால் தள்ளாடுவது, பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் கிடைக்காமல் நிற்பது, வெளிச்சம் பட்டால் தலை வலிப்பது, காரணமே இல்லாமல் வீட்டு ஆட்களிடம் எரிந்து விழுவது. இதில் கடைசியாகச் சொன்னதை நம் கண்ணுக்கு நாமே பிடிக்க முடியாது, மனைவியிடமோ அண்ணன் தம்பியிடமோதான் கேட்க வேண்டும். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

முடிவு எடுக்கிற நேரம் பற்றி ஒன்று. ஃபைட் முடிந்த முதல் ஒரு மாதத்தில் எந்த முடிவும் வேண்டாம். ஜெயித்திருந்தால் உலகத்தையே அடித்துவிடலாம் என்று தோன்றும், தோற்றிருந்தால் பழி தீர்க்காமல் தூக்கம் வராது. இரண்டும் அடங்கட்டும். அப்புறம் ஒரு தேதியைத் தாளில் எழுதுங்கள், இன்ன தேதிக்கு மேல் ஸ்பாரிங் இல்லை என்று. அடுத்த ஃபைட்டுக்கு அழைப்பு வருவதற்கு முன்னாலேயே எழுதிவிட வேண்டும். பணத்தொகை காதில் விழுந்த பிறகு எழுதுகிற தேதி தள்ளிக்கொண்டேதான் போகும்.

ஊருக்கு அறிவிப்பதற்கு முன்னால் கணக்கை முடியுங்கள். எனக்கு ஒரு அமைப்பாளர் தர வேண்டிய பணத்தில் பாதி இன்னும் வரவில்லை, நான் ஓய்வு என்று சொன்ன மறுநாளில் இருந்து போனையே எடுப்பதில்லை. அதனால் பாக்கியை வாங்கிக்கொண்டு, இல்லாவிட்டால் எழுத்திலாவது வாங்கிக்கொண்டு அறிவியுங்கள். ஒப்பந்தத்தையும் எடுத்து நிதானமாகப் படியுங்கள், புரியாவிட்டால் தெரிந்த வக்கீலிடம் கொடுங்கள். ஓய்வு என்று சொன்னால் ஒப்பந்தம் முடிந்துவிடாது, நிறைய ஒப்பந்தங்களில் அதன் காலம் அப்படியே நின்றுவிடும், பின்னால் நீங்கள் திரும்பினால் விட்ட இடத்தில் இருந்து ஓட ஆரம்பிக்கும். வாயால் சொன்னது போதாது, மெயில் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் முதலில் சொல்வது? வீட்டில்தான். அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது, நான் சொன்னது சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்கவில்லை, இரண்டாவது தடவை காதருகே போய்ச் சொன்னேன். என் ஃபைட் ஒன்றைக்கூட அம்மா பார்த்ததில்லை. ஒரு அறுந்த நூலை முடிந்துகொண்டே, "சரி சாமி, அப்ப ஆடிக்கு வேண்டுதலை முடிச்சிடலாம்" என்றார். கோட்டை மாரியம்மனுக்கு நான் ஒவ்வொரு தடவை ஊருக்குக் கிளம்பும்போதும் அவர் வேண்டிக்கொண்டது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வீட்டுக்கு அப்புறம் மாஸ்டர். போனில் சொல்லாதீர்கள், நேரில் போங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, பதில் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் மேல் அவர் போட்ட வருஷங்களும் அன்றைக்கு முடிகின்றன.

அறிவிப்பு உங்கள் இஷ்டம். க்ளவுஸைக் கூண்டில் வைத்துவிட்டு வருகிற பழக்கம் மல்யுத்தத்தில் ஷூவைக் கழற்றி மேட்டில் விட்டுப் போவதைப் போன்றது, பார்க்க அழகாக இருக்கும், கடைசி ஃபைட் கிடைத்தவர்களுக்கு அது சரி. அதற்காகவே இன்னொரு ஃபைட் போட வேண்டாம்.

இப்போது டாக்டர். இதை யாரும் தள்ளிப்போடாதீர்கள். நரம்பியல் டாக்டரிடம் போய் இத்தனை வருஷம் தலையில் அடி வாங்கியிருக்கிறேன், இத்தனை தடவை நினைவு தப்பியிருக்கிறது என்று உள்ளது உள்ளபடி சொல்லுங்கள், வீரம் காட்டிக் குறைத்துச் சொல்லாதீர்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலேயே நரம்பியல் பிரிவு இருக்கிறது, காசு இல்லை என்று சும்மா இருக்க வேண்டியதில்லை. நான் முதலில் போன இடத்தில் ஒருவர் தலைவலியா, தண்ணீர் குடியுங்கள் என்று அனுப்பிவிட்டார். அப்படிச் சொன்னால் இன்னொருவரிடம் போங்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: திரும்பத் திரும்ப அடிபடுவதால் மூளையில் வருகிற சிடிஇ என்கிற சிதைவை உயிரோடு இருக்கும்போது ஸ்கேன் எடுத்து உறுதி செய்ய முடியாது, இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்தால்தான் தெரியும். குத்துச்சண்டைக்காரர்களிடம் இந்த மாதிரித் தடுமாற்றம் வருவதை மார்ட்லண்ட் என்ற அமெரிக்க டாக்டர் 1928லேயே எழுதிவிட்டார். ஸ்கேன் நார்மல் என்று வந்ததும் மறுபடி ஸ்பாரிங்குக்கு ஓடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இன்றைய நினைவாற்றல் பரிசோதனையின் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், ஐந்து வருஷம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

கண்ணும் அப்படித்தான். மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணில் மின்னல் வெட்டுவது போல இருந்தாலோ, கரும்புள்ளிகள் திடீரென்று மிதந்தாலோ, ஓரத்தில் திரை இறங்குவது போல இருந்தாலோ அன்றைக்கே ஓட வேண்டும், மறுநாள் என்று சொல்லாதீர்கள். இங்கிலாந்து வீரர் மைக்கேல் பிஸ்பிங் வலது கண் பார்வை போன நிலையிலேயே 2016ல் யுஎஃப்சி சாம்பியன் ஆனார், எல்லோரும் அதை வீரம் என்று பேசுகிறார்கள். இருந்த ஒரு நல்ல கண்ணிலும் பிரச்சினை தெரிந்த பிறகுதான் 2018ல் நிறுத்தினார் என்பதை யாரும் பேசுவதில்லை.

உடம்பைப் பொறுத்தவரை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தினேன். 61 கிலோவில் சண்டை போட்டவன் ஒரு வருஷத்தில் 79 ஆனேன். பயிற்சி போய்விட்டது, கேம்ப் பசி போகவில்லை. ஃபைட்டுக்காக எடை குறைக்கிற வெயிட் கட் சமயத்தில் கனவில் வந்த தட்டுவடை செட்டை எல்லாம் (மேலே துருவிய பீட்ரூட், நடுவில் இரண்டு சட்னி) இனி யார் கேட்பது என்று தினமும் சாப்பிட்டேன். சாப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் வாரத்தில் நாலு நாளாவது வியர்க்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கள். பேட் அடிக்கலாம், குத்து இல்லாத கிராப்ளிங் (பிடித்து மல்லுக்கட்டுவது) மெதுவாகப் போடலாம். மலையில் நடக்கலாம், ஆனால் ஏறுவதை நடந்து ஏறிவிட்டு இறங்குவதை பஸ்ஸில் இறங்குங்கள். முட்டியைத் தின்பது இறக்கம்தான். காலையில் ஐந்தரைக்கு அடிவாரத்தில் கிளம்பினால் வெயில் உறைப்பதற்குள் நல்ல தூரம் ஏறிவிடலாம்.

சாயங்காலம் ஆறு மணி கொடுமையாக இருக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த நேரத்துக்கு ஜிம்முக்குப் போன உடம்பு, வீட்டில் உட்கார்ந்தால் கை கால் பரபரக்கும், அப்புறம் மனசு இருண்டுபோகும். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஒரு வேலையை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள், குழந்தையைப் படிக்க வைப்பதோ கடையில் நிற்பதோ எதுவானாலும் சரி. இருட்டு வாரக்கணக்கில் விலகவில்லை என்றால் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

பிழைப்புக்குப் பெரும்பாலோர் கோச்சிங்குக்குத்தான் வருகிறோம். பாட்டியாலாவில் இருக்கிற தேசிய விளையாட்டு நிறுவனத்தில் குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ போன்றவற்றில் டிப்ளமோ இருக்கிறது, உங்கள் அடிப்படை எதில் வலுவோ அதில் தகுதியைப் பார்த்து விண்ணப்பியுங்கள், பள்ளிகளில் வேலை கேட்கும்போது அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு. ஜிம் வைப்பதென்றால் அஞ்சு ரோட்டில் வாடகை கொடுத்துக் கடன் வாங்கிக் கூண்டு கட்டாதீர்கள், மேட்டும் நாலு பேடும் போதும், பையன்கள் வந்த பிறகு மற்றது. முக்கியமாக, கோச் என்ற பெயரில் மறுபடி அடி வாங்காதீர்கள். பேட் பிடிக்கும்போது பையன்களின் உதை வயிற்றுக்கு வரத்தான் செய்யும், வயிற்றை மூடுகிற பெல்ட் பேடு கட்டிக்கொள்ளுங்கள், ஆள் குறைகிறது என்று நீங்களே ஸ்பாரிங்கில் இறங்காதீர்கள்.

அழைப்பு கட்டாயம் வரும். யாரோ காயப்பட்டு விலகியிருப்பார், பத்து நாளில் ஃபைட், பணம் முன்பைவிட அதிகம். யுஎஃப்சியில் ஓய்வு பெற்றவர் திரும்ப வேண்டுமென்றால் ஊக்கமருந்துப் பரிசோதனைப் பட்டியலில் ஆறு மாதம் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். அதை நான் எனக்கே வைத்துக்கொண்டேன். யார் கேட்டாலும், "ஆறு மாசம் கழிச்சுக் கேளுங்க" என்பேன். ஆறு மாதம் கழித்து யாரும் கேட்டதில்லை. கனடாவின் முன்னாள் யுஎஃப்சி சாம்பியன் சென்ட் பியரைப் போல 2013ல் விட்டு, நாலு வருஷம் கழித்து வந்து ஜெயித்து, மறுபடி நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர் பத்து நாள் அவகாசத்தில் வந்தவர் இல்லை.

தையலோடு வந்த தம்பியிடம் இவ்வளவும் சொன்னேன். தலையை ஆட்டினான். மவுத்கார்டைக் கொடு என்றேன், பையின் ஜிப்பைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டான். நானும் விடுவதாக இல்லை. வருகிற சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு அடிவாரத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன், சேர்ந்து ஏறப்போகிறோம், இருபது வளைவையும் அவன்தான் எண்ண வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.