விவாகரத்து, குழந்தை, வீடு: கையெழுத்துப் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஏழு வருஷமா பிரிஞ்சுதான் இருக்கோம், அப்போ தானாவே விவாகரத்து ஆன மாதிரிதானே?" குடும்பச் சட்டம் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். ஆகாது. ஏழு வருஷம் என்ன, இருபது வருஷம் தனித்தனியாக இருந்தாலும் நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் திருமணம் முறியாது. ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஏழு ஆண்டுகளாக எந்தத் தகவலும் இல்லையென்றால் அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம், அதைக் காரணம் காட்டி விவாகரத்து மனு போடலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அதைத்தான் யாரோ பாதியாகக் கேட்டு ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். அடுத்த தெருவில் குடியிருக்கும் கணவருக்கோ, அம்மா வீட்டில் இருக்கும் மனைவிக்கோ அது பொருந்தாது. தீர்ப்பு வராத வரை இருவரும் ஒருவருக்கொருவர் சட்டப்படி வாரிசுதான். உயில் எழுதாமல் ஒருவர் இறந்துவிட்டால், பத்து வருஷமாக முகம் பார்க்காத மற்றவருக்கும் சொத்தில் பங்கு போகும். இது தெரியாமல்தான் நிறையப் பேர் "எதுக்குக் கோர்ட்டு, கேஸு" என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இங்கே தமிழ்நாட்டை மனதில் வைத்து, பெரும்பாலும் இந்துக்களுக்கான சட்டத்தைத்தான் சொல்கிறேன். மற்றவர்களுக்கு மாறும் இடங்களை நடுவே சொல்லிவிடுகிறேன்.

இதைவிட மோசமானது பத்திரத்தில் எழுதி "தீர்த்துவிடுவது". இருபது ரூபாய், நூறு ரூபாய் முத்திரைத்தாளில் "இன்று முதல் எங்களுக்குள் கணவன் மனைவி என்ற உறவு இல்லை, இனி அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்ளலாம்" என்று எழுதி, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, கீழே நோட்டரி முத்திரையும் குத்தியிருக்கும். பார்ப்பதற்கு அசல் ஆவணம் போலவே இருக்கும், ஆனால் அதனால் திருமணம் கலையாது. சில சமூகங்களில் வழக்கப்படியான மணமுறிவை இந்து திருமணச் சட்டம் விட்டுவைத்திருப்பது உண்மைதான். ஆனால் அந்த வழக்கம் தொன்றுதொட்டு இருந்து வருகிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அதைச் சொல்பவருடையது, அது லேசில் முடிகிற காரியம் இல்லை. அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தால் இரண்டாவது திருமணம் செல்லாது, இருதார மணக் குற்றத்துக்கு ஏழு ஆண்டு வரை சிறையும் உண்டு. இதில் அதிகம் அடிபடுவது இரண்டாவதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண்தான். அவருக்குப் பிறக்கும் பிள்ளைகளைச் சட்டம் கைவிடவில்லை. செல்லாத திருமணத்தில் பிறந்தவர்களுக்கும் பெற்றோரின் சொத்தில் உரிமை உண்டு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு மனைவி என்ற இடம்தான் கிடைக்காது. சுயமரியாதைத் திருமணம் செய்தவர்களும் "அய்யர் இல்லை, தாலி இல்லை, அதனால் பிரிவதற்கும் கோர்ட் வேண்டாம்" என்று நினைத்துவிட வேண்டாம். 1967-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தால் அது முழுமையான சட்டப்படியான திருமணம், முறிப்பதற்கும் அதே குடும்ப நல நீதிமன்றம்தான். கிறிஸ்தவர்களுக்குத் திருச்சபை தரும் திருமண ரத்து சபைக்குள் மட்டுமே செல்லும், சட்டத்தின் கண்ணில் கணக்கில் வராது. முஸ்லிம் பெண்கள் குலா (மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவு) கேட்டு ஜமாத் அமைப்புகளிடம் வாங்கும் சான்றிதழும் போதாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

சரி, இருவரும் ஒத்துப்போய் மியூச்சுவலில் பிரியலாம் என்று முடிவெடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மனு போடும் முன் குறைந்தது ஒரு வருஷம் பிரிந்து இருந்திருக்க வேண்டும் (ஒரே வீட்டில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிந்திருப்பதுதான்). மனு போட்டபின் இன்னும் ஆறு மாதம். "அந்த ஆறு மாசம் இப்போ இல்லையாமே" என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். 2017-இல் உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே ஒன்றரை வருஷம் பிரிந்திருந்து, சமரச முயற்சி தோற்று, ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசி முடித்தவர்களுக்குக் குடும்ப நல நீதிமன்றம் அந்தக் காலத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்றது. செய்யலாம், அவ்வளவுதான், செய்தே ஆக வேண்டும் என்று இல்லை. 2023-இல் வந்த இன்னொரு தீர்ப்பு, மீட்க முடியாமல் உடைந்துபோன திருமணத்தை நேரடியாக முடித்துவைப்பது பற்றியது. அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான், உங்கள் ஊர்க் கோர்ட்டில் அதைக் கேட்க முடியாது.

மியூச்சுவலில் எனக்கு உண்மையாகவே பயம் தரும் விஷயம் வேறு. இரண்டாவது முறை நீதிபதி முன் நின்று "ஆமாம், சம்மதம்" என்று சொல்லித் தீர்ப்பு வரும் வரை இருவரில் யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம். இது தெரியாமல் முதல் நாளே முழுப் பணத்தையும் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், "அவர் நல்லவர்தான்" என்று நம்பி வீட்டில் தன் பங்கை எழுதிக் கொடுத்துவிடுகிற பெண்களும் இருக்கிறார்கள். ஒரு பாதி மனு போடும்போது, மறுபாதி தீர்ப்பு நாளில் கோர்ட்டிலேயே டிடியாக என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எந்தத் தேதிக்குள், எந்த வங்கி மூலம், தவறினால் என்ன ஆகும் என்பதும் அதில் இருக்க வேண்டும். அப்புறம், வரதட்சணைக் கொடுமை என்று எஃப்ஐஆர் பதிவாகியிருந்தால் மியூச்சுவல் தீர்ப்போடு அது தானாக ஒழியாது, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தாலும் ஒழியாது. உயர் நீதிமன்றத்தில் தனியாக மனு போட்டு ரத்து வாங்க வேண்டும். அதற்கு யார் ஒத்துழைக்க வேண்டும், செலவு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

சம்மன் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. "வாங்கினால்தானே கேஸ்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்திருப்பார். வாங்க மறுத்தாலும் சம்மன் உங்களிடம் சேர்ந்துவிட்டதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும், நாலு வாய்தா போனபின் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே சொல்லும் தீர்ப்பு வந்து நிற்கும். அதை ரத்து செய்யக் கேட்க முடியும், ஆனால் 30 நாள்தான் கெடு, தாமதத்துக்குக் காரணமும் காட்ட வேண்டும். தூரத்து ஊரில் கணவர் கேஸ் போட்டுவிட்டார், போய்வரப் பணம் இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுகிற பெண்கள் பலர். மனைவி தான் இப்போது வசிக்கும் ஊரிலேயே விவாகரத்து மனு போடலாம், கணவர் போட்ட வழக்கையும் தன் ஊருக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். வக்கீல் வைக்க வழியில்லை என்றால், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஜீவனாம்ச வழக்கில் வருமானத்தை மறைப்பது இப்போது முன்பு போல எளிது இல்லை. 2020 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். வேலை பார்க்கும் மனைவி "வேலையே இல்லை" என்று எழுதுவதும், லட்சம் சம்பளம் வாங்குபவர் திடீரென வேலையை விட்டுவிட்டு "அப்பா தயவில் இருக்கிறேன்" என்று எழுதுவதும் ஒரு பேங்க் ஸ்டேட்மென்டில் உடைந்துவிடும், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையைக்கூட நீதிபதி நம்ப மாட்டார். வாட்ஸ்அப்பில் கோபத்தில் தட்டியதும் அப்படித்தான். கணவன் மனைவி போன் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ததைக்கூட விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரவு பதினோரு மணிக்கு "உன்னை என்ன செய்றேன் பார்" என்று அனுப்பும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை விஷயத்தில் பொறுமையாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மிக மோசமான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. இந்து சிறுவர் சட்டம் தந்தையை இயற்கைக் காப்பாளர் என்று சொல்லி "அவருக்குப் பின்" தாய் என்கிறது, ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் "பின்" என்பதற்கு அவர் இறந்த பின் என்று மட்டும் பொருள் இல்லை, தந்தை பொறுப்பில் இல்லாதபோதும் தாயே காப்பாளர் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. ஆனாலும் "ஐந்து வயது முடிந்ததும் பையன் என்னிடம் வந்துவிடுவான்" என்று காத்திருக்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள். அப்படி எதுவும் தானாக நடக்காது. யாருக்கு உரிமை என்பதைவிடப் பிள்ளைக்கு எது நல்லது என்பதையே நீதிமன்றம் பார்க்கும். எந்தப் பள்ளி, யார் சமைத்துக் கொடுக்கிறார்கள், காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பது வரை கேட்பார்கள்.

அதனால் பள்ளி விடும் நேரத்தில் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போவதைப் போல உங்கள் வழக்கைக் கெடுக்கும் காரியம் வேறு இல்லை. இன்னொரு பக்கம், "பணம் அனுப்பு, அப்புறம் குழந்தையைக் காட்டுகிறேன்" என்பதும், "குழந்தையைக் காட்டவில்லை, அதனால் பணம் அனுப்ப மாட்டேன்" என்பதும். இரண்டும் தவறு, சட்டத்தில் இவை தனித்தனி விஷயங்கள். அப்பாவோ அம்மாவோ ஜீவனாம்சம் கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளை அவரைப் பார்க்கக் கூடாது என்று ஆகாது. பார்க்கும் நேரத்தை எழுதும்போது "வசதிப்படி பார்க்கலாம்" என்று விட்டால் அடுத்த மாதமே சண்டை வரும். இரண்டாவது, நான்காவது ஞாயிறு, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, எங்கே கொண்டுவந்து விடுவது, கோடை விடுமுறையில் எத்தனை நாள், தீபாவளி யாரிடம், வாரத்தில் எத்தனை வீடியோ கால் என்று வரிவரியாக எழுதுங்கள். பிள்ளைக்கான பணத்தை அம்மா "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லாது, அது பிள்ளையின் உரிமை. ரோஷத்தில் அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது வீடு. "கல்யாணம் ஆனதும் சொத்தில் பாதி மனைவிக்கு" என்பது நம் நாட்டுச் சட்டம் இல்லை. பத்திரத்தில் யார் பெயரோ வீடு அவருடையது. கணவர் பெயரில் இருக்கும் ஃப்ளாட்டுக்கு மனைவி எட்டு வருஷம் தன் சம்பளத்திலிருந்து இஎம்ஐ கட்டியிருந்தால், அதைக் கேட்க முடியும், ஆனால் வங்கிக் கணக்கில் தடயம் இருக்க வேண்டும். மாதாமாதம் பணமாக எடுத்துக் கையில் கொடுத்ததை எப்படி நிரூபிப்பது? அதே சமயம், குடியிருக்கும் உரிமை வேறு, சொத்துரிமை வேறு. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மருமகள் அங்கே வசிக்கும் உரிமையைக் கேட்கலாம் என்று 2020 அக்டோபரில் தீர்ப்பு வந்திருக்கிறது. அதனால் "இது என் அப்பா வீடு, வெளியே போ" என்றவுடன் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்ப வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் யோசிக்காமல் வெளியேறுங்கள், முடிந்தால் நகை பில், பத்திர நகல், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். சீராகக் கொண்டுவந்த நகையும் பாத்திரமும் முழுக்க மனைவிக்கே சொந்தம், கணவர் அடகு வைத்திருந்தாலும் திருப்பித் தர வேண்டும்.

வீடு இருவர் பெயரிலும் இருந்தால் விவாகரத்துத் தீர்ப்பு அதைத் தானாகப் பிரித்துத் தராது. "வீடு மனைவிக்கு" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டு அதோடு முடிந்தது என்று போய்விடுகிறார்கள், பத்து வருஷம் கழித்து விற்கப் போகும்போது வில்லங்கச் சான்றில் இன்னும் இரண்டு பெயரும் நிற்கும், பழைய கணவரைத் தேடிப்பிடித்துக் கையெழுத்துக் கேட்க வேண்டும், அதற்குள் அவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகள் எல்லோரிடமும் கேட்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரமோ (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) செட்டில்மென்டோ (சொத்தை எழுதிவைக்கும் பத்திரம்) பதிந்து, பட்டாவும் மாற்றிவிடுங்கள். குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும்போது முத்திரைத்தீர்வை குறைவு, தீர்ப்பு வந்தபின் நீங்கள் கணவன் மனைவி இல்லை, அதனால் எப்போது பதிவது என்பதை முன்கூட்டியே வக்கீலிடமும் பத்திர எழுத்தரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கடனும் இருவர் பெயரில் என்றால் வங்கியை உங்கள் ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது. அவர் இஎம்ஐ நிறுத்தினால் உங்கள் சிபில் ஸ்கோரும் விழும். வங்கி எழுத்தில் விடுவிக்கும் வரை நீங்களும் கடனாளிதான்.

கணவர் இறந்து, அவருடைய இடத்தை மனைவி விற்கும் சமயத்தில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, மாமியாரை மறப்பது. உயில் எழுதாமல் இறந்த மகனின் சொத்தில் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய அம்மாவுக்கும் சம பங்கு. இரண்டாவது, மைனர் பிள்ளைகளின் பங்கை "தாயும் கார்டியனுமான" என்று தானே கையெழுத்துப் போட்டு விற்பது. நீதிமன்ற அனுமதி இல்லாமல் அப்படி விற்றதை, பிள்ளை 18 வயது முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டு ரத்து செய்யலாம். முன்பே மனு போட்டு அனுமதி வாங்கினால், மைனர் பங்குப் பணத்தை வழக்கமாக வங்கியில் பிள்ளை பெயரில் டெபாசிட்டாகப் போடச் சொல்வார்கள், சில மாதம் தாமதம் ஆகும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட இடத்தை வாங்குபவர்களும் இதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

தீர்ப்பு வந்தபின் சான்றிட்ட நகல் இரண்டு மூன்று வாங்கி வையுங்கள், பாஸ்போர்ட்டிலிருந்து மறுமணப் பதிவு வரை கேட்பார்கள். ஒருவர் எதிர்த்து நடத்திய வழக்கில் வந்த தீர்ப்பு என்றால் மேல்முறையீட்டுக்கான காலம் முடியும் முன் மறுமணத் தேதி குறிக்காதீர்கள். பி.எஃப்., எல்ஐசி, வங்கிக் கணக்கு, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாவற்றிலும் நாமினி யார் என்று அந்த வாரமே பாருங்கள். விவாகரத்தானதும் பழைய பெயர் தானாக நீங்கிவிடாது, ஒவ்வொரு இடத்திலும் படிவம் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். உயில் எழுதியிருந்தால் அதையும் எடுத்துப் படித்துப் பார்த்துவிடுங்கள்.