கம்பிவேலியைத் தொடாமல் பேட் வீசுங்கள்

சாஃப்ட்பால் பழகும் பிள்ளைகளிடம் நான் முதலில் பார்ப்பது கைகளைத்தான். ஓங்கி அடிக்கும் ஆசையில் கைகள் உடம்பை விட்டு விலகி, பேட் பெரிய வட்டம் போடும். பெண்கள் ஆட்டத்தில் பந்து வருவது 43 அடியிலிருந்து. வட்டம் முடிவதற்குள் அது கேட்சர் கையுறைக்குள் போயிருக்கும்.

இதற்கு ஒரு கம்பிவேலி போதும். வேலியைப் பார்த்து நின்று, பேட்டின் பிடிமுனையைத் தொப்புளில் வைத்தால் மறுமுனை வேலியைத் தொட வேண்டும். அதுதான் தூரம். அப்புறம் அடிக்கும் நிலையில் நின்று, பந்தில்லாமல் மெதுவாக வீசட்டும். 'ஜல்'லென்று வேலி அதிர்ந்தால் கை விலகிவிட்டது என்று அர்த்தம். இடுப்பு முதலில் திரும்பி, பிடிமுனை பந்து வரும் பக்கம் முன்னே போனால் படாது. பழைய பேட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்! பத்து வீச்சு சத்தமில்லாமல் வந்தபின் டீயில், அதாவது பந்தைத் தாங்கி நிற்கும் கம்பத்தில், பந்தை வையுங்கள், முன்காலுக்கு நேராக.