இணையத்தில் ஏற்றியதும் வெளுத்த பச்சை: தீர்வு

கணினியில் செழிப்பாக இருந்த வாழைத்தோப்புப் படம், இணையத்தில் ஏற்றியதும் வெளுத்துப்போனது. திரையின் நிறங்களைச் சரிபார்த்தேன்; பயனில்லை. நிறச்செறிவைக் கூட்டினேன், அச்சுப்படி கண்ணைக் குத்தியது. ப்ரொஃபைல் என்பது படத்தின் நிற எண்களை எப்படிப் படிப்பது என்று சொல்லும் குறிப்பு. படத்திருத்த மென்பொருளில், இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி (sRGB) ப்ரொஃபைலைப் படத்துக்கு 'அசைன்' (Assign) செய்து பார்த்தபோது, அதே வெளுப்பு என் திரையிலேயே தோன்றியது. முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது.

எஸ்ஆர்ஜிபியைவிட அகன்ற நிற எல்லை கொண்ட அடோபி ஆர்ஜிபியில் (Adobe RGB) கேமரா பதிவு செய்திருந்தது. ஏற்றும்போது ப்ரொஃபைல் உதிர்ந்துவிட, அதே எண்களை உலாவி எஸ்ஆர்ஜிபி என்று படித்திருக்கிறது. 'அசைன்' பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும், எண்களைத் தொடாது. 'கன்வெர்ட்' கட்டளைதான் எண்களையே மாற்றிக் கணக்கிடும். இந்த வேறுபாடு மிக முக்கியம். நகலை எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வெர்ட் செய்து, ப்ரொஃபைலைப் பொதித்து ஏற்றினேன். பச்சை அப்படியே வந்தது, பெரும் நிம்மதி. மூலக்கோப்பு அடோபி ஆர்ஜிபியிலேயே இருக்கிறது. நல்ல அச்சுக்கு அதன் அகன்ற பச்சை தேவைப்படும்.