பழைய துவக்கின் பூர்வீகம் பார்ப்பது எப்படி

தோட்டத்து வீட்டுப் பரணில் கிடந்த துவக்கென்றால், உள்ளே தோட்டா இல்லை என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். லைசன்ஸ் தாளில் உள்ள இலக்கம் துவக்கோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். மலைநாட்டு ஈரத்தில் துரு ஏறியிருக்கும். சாண்ட் பேப்பர் வேண்டாம், முத்திரை போய்விடும். மண்ணெண்ணெய் தொட்ட துணியே போதும்.

தோட்டா இடும் பின்மூடி வலப்பக்கம் புரண்டு திறக்கிறதா? அப்படியானால் 1866இல் பிரித்தானியப் படைக்கு வந்த ஸ்னைடர் ரைபிளின் வழி. அதன் .577 அங்குலக் குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்களைக் கடைந்தெடுத்து, சன்னத் துவக்காக மாற்றினால், ‘போர்’ என்ற குழல் விட்ட அளவில் ஏறக்குறைய 24, அதாவது 14.7 மில்லிமீட்டர் வரும். வேர்னியர் அளவுகோலால் இரண்டு மூன்று கோணத்தில் அளவெடுங்கள். தேய்ந்த வாய் ஏமாற்றும்.

பூட்டுத் தகட்டில், அதாவது சுத்தியலை இயக்கும் பொறியின் பக்கத் தகட்டில், பொறித்த ஆண்டை நம்பி முடிவுக்கு வராதீர்கள். அது பூட்டுச் செய்த ஆண்டு, சன்னத் துவக்காக மாற்றிய ஆண்டல்ல. பூட்டே வேறொரு துவக்கினுடையதாகவும் இருக்கலாம். முனையோடு முனை முட்டும் இரண்டு அம்புக்குறிகள், படை விற்றுக் கழித்ததற்கு அடையாளம்.

முன்கட்டையைக் கழற்றிக் குழலடியைப் பாருங்கள். முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சோதித்த குழல். ‘நாட் ஃபோர் பால்’ (தனிக் குண்டுக்கு அல்ல) என்றிருந்தால் 1875–1887 கால ஆங்கிலேய முத்திரை. அது ரைபிள் குழலுக்கு அடிப்பதல்ல, எனவே குழலையே மாற்றியிருக்கிறார்கள்.

சுட்டுப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம்.